மூங்கில்ல மாவு கொட்டுதா? உளுக்கற வண்டு பத்தி அடிக்கடி கேக்கற கேள்விகள்

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், எருத்தேம்பதி, இந்தப்பக்கம் கோபாலபுரம், பொள்ளாச்சின்னு கேரளா-தமிழ்நாடு பார்டர் ஓரம் குடியிருக்கறவங்களுக்கு மூங்கில் இல்லாம ஒரு போகம் ஓடாதுங்க. பாவக்கா, புடலைப் பந்தலுக்குக் கால், நேந்திர வாழைக்கு முட்டு, மாட்டுக் கொட்டகைக்கு வரிச்சல், ஏணி, கூடை, இப்ப புதுசா ஹோம்ஸ்டே கட்டறவங்க கேக்கற மூங்கில் குடில் வரைக்கும் எல்லாத்துக்கும் இதுதான். வாங்கிட்டுப் போயி மூணு மாசத்துல போன் வரும், "அண்ணா, மாவு கொட்டுதுங்க"ன்னு. ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா சொல்றதுக்கு மொத்தமா எழுதிட்டேன்.

கம்புக்கு அடியில வெள்ளையா மாவு கொட்டிக் கெடக்குது, இது கரையானுங்களா?

இல்லீங்க. கரையான்னா மண்ணு இருக்கும், செவுத்துல மண் கோடு போட்டு ஏறி வரும், கம்புக்குள்ளயும் மண்ணை அப்பி வெச்சிருக்கும், தூளாக் கீழ கொட்டாது. நீங்க சொல்றது ரெண்டு வெரல்ல வெச்சுத் தேச்சா வழுவழுன்னு போற நைஸ் தூள், மஞ்சளும் வெள்ளையும் கலந்த நெறம், பக்கத்துல பாத்தா 1 மில்லிமீட்டர், மிஞ்சிப்போனா 2 மில்லிமீட்டர் அளவுல உருண்டையா ஓட்டை இருக்கும். அப்படின்னா அது மூங்கில் வண்டுதான். மலையாளத்துக்காரங்க குத்தன் புடிச்சிருச்சும்பாங்க, நம்ம ஆளுங்க உளுத்துப்போச்சும்பாங்க, ரெண்டும் ஒன்னுதான்.

இன்னொரு அடையாளம், ராத்திரி கரண்டு போயி ஃபேன் நின்னு அமைதியா இருக்கறப்ப காதை வெச்சுக் கேட்டா உள்ள லேசா கரகரன்னு சத்தம் கேக்கும். கம்பைத் தட்டுனா ஓட்டையிலிருந்து பொசுக்குன்னு தூள் வரும். தூள் பழசாயி, ஓட்டைக்குள்ள நூலாம்படை அடைஞ்சு, தட்டுனாலும் புதுசா எதுவும் வரலைன்னா வண்டு தின்னு முடிச்சுட்டுப் போயிருச்சுன்னு அர்த்தம், அதுக்கு மருந்து அடிக்கறது காசுக்குப் புடிச்ச கேடு.

அந்த வண்டு எப்படி இருக்கும்? நான் பாத்ததே இல்ல.

ரொம்பச் சின்னதுங்க, நீளம் 2.5லிருந்து 3.5 மில்லிமீட்டர்தான், செவந்த காப்பிக் கலரு, உருளையா இருக்கும். மேலருந்து பாத்தா தலையே தெரியாது, முதுகோட முன்பக்கம் குல்லா மாட்டுன மாதிரி தலையை மூடி இருக்கும், அந்தக் குல்லா முன்னாடி சின்னச்சின்னப் பல்லு வரிசை. லென்ஸ் வெச்சுப் பாத்தா குல்லாவோட பின்பக்கம் பக்கத்துப் பக்கத்துல ரெண்டு குழி தெரியும், இந்த ஜாதியைக் கண்டுபுடிக்க அதுதான் கைகண்ட அடையாளம். அறிவியல் பேரு டைனோடெரஸ் மைனூட்டஸ், 1775லயே ஃபாப்ரீசியஸ்ங்கற டென்மார்க்காரரு இதை எழுதி வெச்சுட்டாரு. பாஸ்ட்ரிகிடே குடும்பம். நெல்லு மூட்டையில விழுந்து தூளாக்குமே ஒரு சின்ன வண்டு, அதுவும் இதே குடும்பந்தான், பங்காளிங்க.

இது போக, லிக்டஸ்னு இன்னொரு ஜாதி இருக்குது, கொஞ்சம் தட்டையா இருக்கும், அதுவும் மூங்கில்லயும் மரத்துலயும் மாவு கொட்டும். பண்ற வைத்தியம் ரெண்டுக்கும் ஒன்னுதான்கறதால இங்க பிரிச்சுப் பேசல.

மூங்கிலு மேல அவ்ளோ வழுவழுப்பா கெட்டியா இருக்குது, இத்துனூண்டு பூச்சி எப்படி உள்ள போகுது?

வெளித்தோலைத் தொளைச்சுக்கிட்டு போறது ரொம்பக் கொறைவு, தோலு மேல மெழுகு, அதுக்கடியில சிலிக்கான்னு இருக்கறதால அந்தப் பக்கம் வராது. வெட்டுவாய், கணுவுல கெளை அரிஞ்ச எடம், வெடிப்பு, வண்டியில ஏத்தறப்ப ஒரசுன காயம், இப்படி ஏதாவது வாசல் வேணும். பிளாச்சா கிழிச்சுட்டீங்கன்னா உள்பக்கம் முழுசும் தெறந்துதான் கெடக்கும், அதனாலதான் முழுக்கம்பை விட தப்பையும் பிளாச்சும் சீக்கிரம் உளுக்குது, கூடை முடையறவங்களைக் கேட்டுப் பாருங்க சொல்லுவாங்க.

வெட்டுன அன்னைக்கே வாசனை புடிச்சு வண்டு வந்துரும். பொட்டை வண்டு குடைஞ்சுக்கிட்டு உள்ள போயி குறுக்கால ஒரு வழி போடும், அந்த வழியில அறுபட்ட நரம்புத் தொளை இருக்கும் பாருங்க, அதுக்குள்ள முட்டையைச் செருகும். ஒரு வாரத்துக்குள்ள பொரிச்சு வெள்ளைப் புழு வரும். புழு வளைஞ்சு கெடக்கும், நாரு போற வாக்குலயே நீளமாத் தின்னுக்கிட்டு, தின்னதைத் தூளாப் பின்னாடி தள்ளி வழியை அடைச்சுக்கிட்டே போகும். அப்படி ஒன்னரை மாசம் போல தின்னுட்டு, சில நாள் கூட்டுப்புழுவாக் கெடந்து, வண்டாகி ஓட்டை போட்டு வெளிய வரும். நம்ம பக்கத்துச் சூட்டுக்கு மொத்தம் ரெண்டு மாசத்துல ஒரு தலைமுறை முடிஞ்சுரும்.

வெளிய வந்தது எங்கயும் தூரமாப் போறதில்ல, அதே கம்புல இன்னொரு எடத்துல ஏறிக்கும். அதனாலதான் மொத மூணு மாசம் ஒன்னுமே தெரியாம இருந்துட்டு திடீர்னு ஒரே வாரத்துல கொட்டகை பூரா மாவாக் கொட்டுது. நீங்க மாவைப் பாக்கறப்ப உள்ள ரெண்டாவது தலைமுறை ஓடிட்டிருக்கும்னு வெச்சுக்கோங்க.

ஒரே வண்டியில வந்த மூங்கிலுங்க, என்னுது உளுத்துப்போச்சு, பக்கத்துத் தோட்டத்துக்காரருது அப்படியே இருக்குது. ஏன்?

இதுதான் இருக்கறதுலயே முக்கியமான கேள்வி, இது புரிஞ்சுதுன்னா மிச்சத்துல பாதி கேக்க வேண்டியதே இல்ல. வண்டு வர்றது மூங்கிலோட நாருக்காக இல்லீங்க, நாருக்கு நடுவுல சேத்து வெச்சிருக்கற ஸ்டார்ச்சுக்காக, அதாவது மாவுச்சத்துக்காக. ஸ்டார்ச் நெறைய இருக்கற கம்புல புழு கொழுகொழுன்னு வளரும், இல்லாத கம்புல பொட்டை வண்டு போயி தடவிப் பாத்துட்டுத் திரும்பிரும், இல்லைன்னா புழு வளராம செத்துரும். 1940கள்ல போர்ட்டோ ரிக்கோ தீவுல ஒரு அமெரிக்க விவசாய ஆராய்ச்சி நெலையத்துல பிளாங்க்ங்கற பூச்சியியல்காரரு இதைத்தான் வருஷக்கணக்கா ஒக்காந்து பாத்து எழுதுனாரு, ஸ்டார்ச் கூடக்கூட வண்டும் கூடுதுன்னு.

ஒரே தூர்லயே ஒரு வயசுக் கம்பு, ரெண்டு வயசுக் கம்பு, நாலு வயசுக் கம்புன்னு கலந்து நிக்குது, ஒவ்வொன்னுலயும் ஸ்டார்ச் வேற. வெட்டறவங்க கிலோமீட்டருக்கு ஏறி எறங்கி வயசு பாத்தா வெட்டறாங்க, ஓரத்துல சுலபமாக் கெடைக்கறதைச் சாய்ச்சுருவாங்க, ஓரத்துல நிக்கறது எப்பவுமே எளசு. அந்த எளசு உங்க பங்குக்கு வந்திருக்கும், அவ்வளவுதான்.

நீங்களே செக் பண்ணிக்கலாம். மெடிக்கல்ல டிங்சர் அயோடின் வாங்கி, கம்போட வெட்டுவாயைப் புதுசா ஒரு சீவு சீவி, அந்தப் பச்சை முகத்துல ரெண்டு சொட்டு விட்டு அஞ்சு நிமிஷம் விடுங்க. கருநீலமா, கரும்புள்ளி புள்ளியா மாறுனா ஸ்டார்ச் இருக்குது. மருந்தோட மஞ்சக் காப்பிக் கலர்லயே நின்னுச்சுன்னா ஸ்டார்ச் கொறைவு. உள்பக்கச் சுவரை ஒட்டுன எடத்தைக் குறிப்பாப் பாருங்க, அங்கதான் நாரு கொறைஞ்சு சதை அதிகமா இருக்கும், கலரும் அங்கதான் மொதல்ல ஏறும். புண்ணுக்குப் போடற பீட்டாடைன் வீட்டுல இருந்தா அதையும் போட்டுப் பாக்கலாம், ஆனா கலரு கொஞ்சம் மங்கலாத்தான் காட்டும்.

ஜாதியும் ஒரு காரணம். வீட்டு முன்னாடி அழகுக்கு வெக்கற பச்சைக்கோடு போட்ட மஞ்ச மூங்கில் இருக்குதே, அதுல வண்டு விழற மாதிரி வேற எதுலயும் விழாது, அதை வெட்டிப் பந்தலுக்கு நடறது வீண். கல்மூங்கிலுக்கு வரவே வராதுன்னு ஒரு பேச்சு இருக்குது, அதை நம்பாதீங்க, கெட்டியா இருக்கறதால சீக்கிரம் ஒடியாது, அதுக்காக வண்டு வராதுன்னு ஆகாது.

அமாவாசைக்கு வெட்டுனா உளுக்காதுன்னு எங்க தாத்தா சொல்லுவாருங்களே?

எல்லா ஊட்டுத் தாத்தாவும் சொல்லிருக்காங்க. தேய்பிறையில வெட்டறதால நட்டம் ஒன்னும் இல்ல, வெட்டிக்கோங்க. ஆனா அதை மட்டும் நம்பி எளங்கம்பை வெட்டிட்டு வந்து கொட்டகை போட்டா வண்டுக்குப் பஞ்சாங்கம் தெரியாதுங்க. ஒரே நாள், ஒரே தூர்ல வெட்டுன ரெண்டு கம்புல ஒன்னு உளுக்குது ஒன்னு நிக்குது, பிறை ரெண்டுக்கும் ஒன்னுதானே.

என்னோட கணக்கு என்னன்னா, அந்தக் காலத்து ஆளுங்க அமாவாசை மட்டும் பாக்கல, முத்துன கம்பாப் பாத்தாங்க, மழை முடிஞ்ச மாசமாப் பாத்தாங்க, வெட்டிட்டு வந்து கொளத்துல போட்டாங்க. நமக்கு அமாவாசை மட்டும் ஞாபகம் இருக்குது, ஏன்னா அதுதான் சுலபம்.

அப்ப எந்த மாசம், எந்த வயசுல வெட்டணும்?

வயசு மூணுலிருந்து நாலு. குருத்து உறை கழண்டு, கணுவுல வெள்ளைப் பொடி போயி, தோல்ல சாம்பக் கலர்ல பூசணத் திட்டு தெரியும், தட்டுனா கணகணன்னு சத்தம் வரும். பளபளன்னு பச்சையா, வெள்ளைப் பொடியோட நிக்கறதெல்லாம் எளசு.

மாசம்னா, குருத்து விடறதுக்கு முந்தி, அதாவது சித்திரை வைகாசியில மூங்கில் வர்ற குருத்துக்காக சாப்பாட்டைச் சேத்து வெச்சு நிக்கும், அப்ப வெட்டாதீங்க. எடவப்பாதி மழை, அதாவது தென்மேற்குப் பருவமழை எறங்கி ஆனி ஆடியில குருத்து கெளம்பும், அப்பவும் வேணாம், கத்தி வெக்கப் போயி குருத்தை ஒடிச்சுட்டு வருவாங்க. குருத்து ஆளொசரம் தாண்டி மழையும் ஓஞ்சதுக்கப்பறம், ஐப்பசிக்கு மேல தை வரைக்கும் நல்ல காலம். நம்ம பக்கம் துலா மழையும், அதாவது ஐப்பசி மழையும் இருக்கறதால ரோட்டு நெலவரம் பாத்து மார்கழி தையில வெட்டறவங்கதான் ஜாஸ்தி.

வெட்டுனதும் கெளையை அரியாதீங்க. இலையோட, கெளையோட தூர்லயே சாச்சு வெச்சு, அடியில ஒரு கல்லை வெச்சு, ரெண்டு மூணு வாரம் விட்டுருங்க. வெட்டுன பின்னாடியும் இலை உசுரோட இருக்கற வரைக்கும் உள்ள இருக்கற மாவுச்சத்தைச் செலவழிச்சுக்கிட்டே இருக்கும், ஈரமும் மெதுவா எறங்கும், வெடிப்பும் கொறையும். இது பைசா செலவில்லாத வேலை, ஆனா லாரி வாடகை ஓடுதேன்னு யாரும் பண்றதில்ல.

பூத்துக் காஞ்ச மூங்கிலு சும்மா குடுக்கறாங்க, எடுக்கலாமா?

முள்ளு மூங்கிலு 40–50 வருஷத்துக்கு ஒருக்கா கூட்டமாப் பூத்து, மூங்கிலரிசி கொட்டிட்டு அப்படியே செத்துரும். இருந்த சத்தையெல்லாம் அரிசிக்குக் குடுத்துட்டதால வண்டு அவ்வளவா விழாது, அது உண்மை. ஆனா நின்ன வாக்குலயே காஞ்சு நாளானது சடக்குன்னு ஒடியும், பூசணம் ஏறியிருக்கும். வேலிக்கு எடுங்க, ஆள் ஏறி நிக்கற சாரத்துக்கும் ஏணிக்கும் எடுக்காதீங்க.

கொளத்துல ஊறப்போடறது நெசமாவே பலன் தருதா?

தருதுங்க, நம்ம பக்கத்துல இதுக்கு நிகரா செலவு கொறைஞ்ச வழி இல்ல. ஊறுறப்ப மாவுச்சத்தும் சக்கரையும் கரைஞ்சு, அழுகி வெளிய போயிரும். பச்சையா இருக்கறப்பவே போடணும், காஞ்சுபோனதைப் போட்டா சரியா ஊறாது. மேல மெதக்க விடாதீங்க, மெதக்கற பாதியில வண்டு ஏறிக்கும், கல்லைக் கட்டி முழுசா முக்கணும். கம்பா இருந்தா ஒரு மாசத்துலருந்து மூணு மாசம், பிளாச்சா இருந்தா அதை விடக் கம்மி. ஓடற வாய்க்கால்னா கலரு மாறாம நல்லா வரும், நின்ன தண்ணின்னா கருத்து, எடுக்கறப்ப நாத்தம் கொடலைப் புடுங்கும், அது நெழல்ல காஞ்சா போயிரும். நேரா வெயில்ல காயப்போட்டா நெடுக்க வெடிக்கும்.

மீன் விட்டிருக்கற கொளம்னா நெறையப் போடாதீங்க, கம்பு அழுகறப்ப தண்ணியில இருக்கற ஆக்சிஜனை அது இழுத்துக்கும், மீனு மெதந்துரும். அப்பறம் ஊறப்போட்ட மூங்கிலுக்குக் கரையான் வராதுன்னு யாராவது சொன்னா அது தப்பு, கரையானுக்கும் பூசணத்துக்கும் இது தடுப்பு ஆகாது, மாவு வண்டுக்கு மட்டுந்தான்.

போராக்ஸ், போரிக் ஆசிட்னு சொல்றாங்களே, எப்படிக் கலக்கறது?

குடிலு, ஃபர்னிச்சர், வீட்டுக்குள்ள வர்ற வேலைன்னா இதைத்தான் பண்ணணும்னு நான் சொல்லுவேன். போராக்ஸ்ங்கறது நாட்டு மருந்துக் கடையில இருக்கற வெங்காரந்தான், ஆனா அங்க வாங்குனா கட்டுபடியாகாது, கெமிக்கல் கடையில கிலோக் கணக்குல வாங்குங்க. 100 லிட்டர் தண்ணிக்கு போரிக் ஆசிட் 2 கிலோ, போராக்ஸ் 3 கிலோ. பச்சைத் தண்ணியில போட்டு ஆட்டிக்கிட்டு இருந்தா விடியற வரைக்கும் ஆட்ட வேண்டியதுதான், ஒரு குண்டா தண்ணியை நல்லாச் சூடு பண்ணி அதுல கரைச்சு அப்பறம் ட்ரம்முல ஊத்துங்க, தண்ணி தெளிவா ஆகணும், அடியில வெள்ளையாத் தங்கக்கூடாது. தடிமனான கம்புக்கு இதையே ரெண்டு மடங்கு காட்டமாப் போடறவங்களும் இருக்காங்க.

பிளாச்சுன்னா முக்கி ரெண்டு நாள் வெச்சா போதும். முழுக்கம்புல எல்லாருமே கோட்டை விடற எடம் ஒன்னு இருக்குது. கணுவை உடைக்காம முக்கறது. வெளித்தோலு மருந்தையும் உள்ள விடாது, வண்டை விடாத அதே தோலுதானே. ஒரு ஆள் நீளத்துக்கு மேல இருக்கற இரும்புக் கம்பியோட நுனியைக் கூராக்கி, ஒரு முனையிலருந்து விட்டுக் குத்தி எல்லாக் கணுச் சுவரையும் தொளைச்சுரணும், பாதியில நின்னா மறு முனையிலருந்து குத்துங்க. அப்பறம் குழி வெட்டி, டார்பாலின் விரிச்சு, கரைசலை ஊத்தி, கம்பைச் சாச்சு எறக்குங்க, உள்ள இருக்கற காத்து குபுகுபுன்னு வெளிய போறது தெரியணும். மேல கல்லை வெச்சு பத்து நாள், ரெண்டு வாரம் விடுங்க. எடுத்தவுடனே வெயில்ல போடாம, ஈரத்தோட அடுக்கி டார்பாலின் போட்டு மூடி ஒரு வாரம் வெச்சீங்கன்னா மருந்து இன்னும் உள்ள ஊறும். அதுக்கப்பறம் நெழல்ல காய வைங்க.

குழி வெட்ட எடம் இல்லைன்னா இன்னொரு வழி. கடைசிக் கணுவை மட்டும் விட்டுட்டு மிச்சத்தை மேலருந்து தொளைச்சு, கம்பை நட்டுக்கு நிறுத்தி, உள்ளயே கரைசலை ஊத்தி நெரப்பிருங்க. தெனமும் கொறையற அளவுக்கு ஊத்திக்கிட்டே வந்து, ரெண்டு வாரம் கழிச்சு கடைசிக் கணுவைக் குத்தி மிச்சத்தை ட்ரம்முல புடிச்சுக்கோங்க. பத்து இருபது கம்பு மட்டும் வேணும்கறவங்களுக்கு இதுதான் தோது. ரெண்டு வழிக்குமே கம்பு பச்சையா இருக்கணும், வெட்டி ஒரு வாரத்துக்குள்ள ஆரம்பிச்சுருங்க, ஈரம் இருந்தாத்தான் மருந்து பரவும். அதனால இலையோட சாச்சு வெக்கறதும் கொளத்துல போடறதும் மருந்து போடாதவங்களுக்குன்னு வெச்சுக்கோங்க, எல்லாத்தையும் ஒன்னு மேல ஒன்னு போட வேணாம்.

கை உறை போட்டுக்கோங்க, கொழந்தைங்க, ஆடு மாடு குழிப்பக்கம் போகாம மறைச்சு வைங்க. மிச்சக் கரைசலைத் தோட்டத்துல ஊத்தாதீங்க, இதுல இருக்கற போரான் கொஞ்சூண்டுன்னா சத்து, ஜாஸ்தியானா பயிரு கருகிரும். கெணத்துப் பக்கமும் வேணாம். அடுத்த லோடுக்கு வெச்சுக்கலாம், கெட்டுப்போகாது, காட்டம் கொறைஞ்சிருக்கும், கொஞ்சம் மருந்து சேத்துக்கணும். மூங்கிலைப் பதப்படுத்தறதுக்குன்னே இந்தியத் தரநிர்ணய அமைப்போட ஐ.எஸ். 9096ன்னு ஒரு வழிமுறை இருக்குது, பெருசா கட்டடம் கட்டறவங்க இன்ஜினியர்கிட்ட அதைச் சொல்லுங்க.

பந்தல் காலுக்கும் வாழை முட்டுக்கும் இதே மருந்து போதுமா?

போதாது. போராக்ஸ் தண்ணியில கரையற சாமான், மழையில நின்னா கழுவிட்டுப் போயிரும், மண்ணுல பொதைச்ச பகுதி ஒரு மழைக்காலம் தாங்காது. அதோட பந்தல் காலுக்கு மண்ணுக்கு மேல வண்டு, மண்ணுக்குக் கீழ கரையான்னு ரெண்டு எதிரி. என் யோசனை, வாழை முட்டுக்கு மருந்துச் செலவே பண்ணாதீங்க, அது ஒரு தாரு தாங்குனா போதும், வயசு பாத்து வெட்டுன கம்பைக் கொளத்துல ஊறப்போட்டு எடுத்தா ரெண்டு மூணு போகம் ஓடும். பந்தலுக்கு அடிக்கால் கல்லுக்காலோ சிமெண்டுக் காலோ வெச்சு, மேல குறுக்குக்கு மட்டும் மூங்கில் போடுங்க, அது மண்ணைத் தொடாது.

ஃபேக்டரியில பிரஷர்ல தாமிரம் சேந்த மருந்து ஏத்திக் குடுக்கறாங்க, அது மழைக்கும் நிக்கும். அதுல ஆர்சனிக் கலந்ததும் ஒன்னு உண்டு, காய்கறிப் பந்தலுக்கு அதை வாங்காதீங்க, கேட்டு வாங்குங்க.

டீசல், பழைய இன்ஜின் ஆயில், வேப்பெண்ணெய்?

வெட்டுவாயில, கெளை அரிஞ்ச எடத்துல தடவி வெச்சா கொஞ்ச நாளைக்கு வண்டு அண்டாது. உள்ள ஏற்கனவே இருக்கற புழுவுக்கு அது போய்ச் சேராது. டீசல் தடவுன கம்பைக் கொட்டகையில போட்டா தீ புடிக்கற பயம் வேற. பழைய ஆயில் மண்ணுக்கும் கைக்கும் கெடுதல். வேப்பெண்ணெய் பரவால்ல, ஆனா அடிக்கடி தடவணும், யாரு தடவறது?

வார்னிஷ் அடிச்சுட்டேன், இனி வராதுல்ல?

உள்ள இல்லாதப்ப அடிச்சிருந்தா வராது, வெட்டுவாய், வெடிப்பு எல்லாம் அடைபட்டுரும். உள்ள முட்டை இருக்கறப்ப அடிச்சிருந்தா வண்டு வார்னிஷைத் தொளைச்சுக்கிட்டு வெளிய வரும், அதுக்கு அது ஒரு தடையே இல்ல. ஷோரூம்ல பளபளன்னு வாங்கிட்டு வந்த சோபாவுல மாவு கொட்டறது இப்படித்தான்.

ஏற்கனவே கொட்டிட்டு இருக்குது, இப்ப என்ன பண்றது?

சின்னச் சாமானா, பெருசான்னு பாருங்க. மொறம், கூடை, தட்டுன்னா ஒரு பெரிய அண்டாவுல தண்ணி கொதிக்க வெச்சு அரை மணி நேரம் முக்கி எடுத்தா புழு, முட்டை எல்லாம் செத்துரும், காய வெச்சுப் பொழங்கிக்கலாம். கலரு போகக்கூடாத அலங்காரச் சாமான்னா பிளாஸ்டிக் கவர்ல காத்து போகாமக் கட்டி டீப் ஃப்ரீசர்ல ஒரு வாரம் பத்து நாள் வைங்க.

பெரிய கம்பு, கட்டில், பெஞ்சுன்னா வெயில்தான். பாலக்காட்டுக் கணவாய்க்கு இந்தப்பக்கம் பங்குனி சித்திரை வெயிலு 40 டிகிரியை எட்டும், அதை ஓசியில உபயோகிச்சுக்கோங்க. சாமானைக் கறுப்பு பாலித்தீன்ல நல்லாச் சுத்தி, சந்து இல்லாம ஒட்டி, கான்கிரீட் தரையில காலையிலருந்து சாயந்தரம் வரைக்கும் போட்டு, தெருப்பித் தெருப்பி விடுங்க. மூங்கிலோட உள்சூடு 60 டிகிரி தொட்டு கொஞ்ச மணி நேரம் நிக்கணும், அதனால ஒரு நாளோட விடாம தொடர்ந்து சில நாள் பண்ணுங்க. வெடிக்கலாம், அதை முன்னாடியே சொல்லிடறேன்.

சூடு காட்டுனா இருக்கற வண்டு சாகும், அவ்வளவுதான், அடுத்தது வர்றதைத் தடுக்காது. அதனால ஆறுனதும் போராக்ஸ் கரைசலைக் காட்டமாக் கலக்கி, சிரிஞ்சுல எடுத்து ஒவ்வொரு ஓட்டையிலயும் விட்டு, வெட்டுவாயில பிரஷ்ல நாலஞ்சு தடவை குடிக்கக் குடிக்கத் தடவி, காஞ்ச பின்னாடி ஓட்டையை மெழுகுலயோ ஓட்டை அடைக்கற உட் பட்டியிலயோ அடைச்சு, அதுக்கு மேல வார்னிஷ். ஓட்டையை அடைச்சா இன்னொரு லாபம், புதுசா ஓட்டை வந்தா உடனே தெரிஞ்சுரும்.

கூரையில மாட்டிக்கெடக்கற வரிச்சலுக்கு இது எதுவும் பண்ண முடியாது. ஓட்டை நெருக்கமாயி, கத்தி முனை அழுத்துனா உள்ள போற அளவுக்கு ஆயிருந்தா மாத்திருங்க, மாத்தறதைப் புதுசாப் பதப்படுத்துனதாப் போடுங்க. பழைய காலத்துல அடுப்புக்கு மேல பரண்ல கட்டி புகையிலயே வெச்சிருந்த மூங்கில் ஏன் உளுக்கலைன்னு கேக்கறவங்களுக்கு, தெனமும் சூடும் புகையும் பட்டு ஈரமே இல்லாமக் காஞ்சு கெடந்ததுதான் காரணம், கேஸ் அடுப்பு வந்த வீட்டுல அந்தப் பாக்கியம் இல்ல.

நெல்லுக்கு வெக்கற மாத்திரையை மூங்கில் அடுக்குல வெச்சு மூடிடலாமா?

வேணவே வேணாம். அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை காத்து ஈரத்துல பாஸ்பீன் வாயுவை விடும், அது வண்டையும் கொல்லும், பக்கத்து ரூம்ல தூங்கறவங்களையும் கொல்லும், மாத்து மருந்து கெடையாது. லைசென்ஸ் இருக்கற ஆளுங்க, காத்துப் போகாத குடோன்ல, மீட்டர் வெச்சுப் பண்ற வேலை அது. வீட்டுக் கொட்டகையில சாக்குப் போட்டு மூடிப் பண்றது கொலை வேலை.

வீட்டுல இருக்கற தேக்குக் கதவு, அரிசிக்கெல்லாம் பரவுமா?

தேக்கு வைரத்துக்கு, அதாவது உள்ள இருக்கற முத்துன மரத்துக்குப் பரவாது, அதுல அதுக்குத் தீனி இல்ல. ரப்பர் மரத்துல பண்ணுன கட்டில், அலமாரிக்கு கவனமா இருங்க, ரப்பர் மரத்துல ஸ்டார்ச் எக்கச்சக்கம், இதே குடும்பத்துல சைனாக்ஸிலான்ங்கற கொஞ்சம் பெரிய வண்டு அதுக்குன்னே இருக்குது, நல்லாப் பதப்படுத்துன ரப்பர் மரம்னா பயம் இல்ல. சாப்பாட்டுச் சாமான்ல காய வெச்ச கப்பை, அதாவது மரவள்ளிச் சில்லு, அதுல மூங்கில் வண்டு விழும். பரண்ல மூங்கிலும் கப்பை மூட்டையும் பக்கத்துல பக்கத்துல வெக்காதீங்க.

கடிக்குமா? கொழந்தைக்கு அலர்ஜி வருமா?

கடிக்காது, விஷம் இல்ல. தூளு மூக்குல ஏறுனா தும்மல் வரும், வீசிங் இருக்கறவங்க கூட்டறப்ப மாஸ்க் போட்டுக்கோங்க, இல்ல ஈரத்துணியில தொடச்சு எடுங்க. வெங்காரம் போட்ட கூடையில சோறு, பழம் வெக்காதீங்க, சாப்பாடு வெக்கற சாமானுக்குக் கொதிதண்ணி வைத்தியம் மட்டும் போதும்.

என்னுதுல ஓட்டை பெருசா, பென்சில் நொழையற அளவு இருக்குதுங்க.

அப்ப வேற ஆளு. ஓட்டை சுண்டுவெரல் தடிமனுக்கு, வட்டம் சுத்தமா, கீழ மாவுக்குப் பதிலா ரம்பத்தூள் மாதிரி கெடந்தா அது கருவண்டு, ஙொய்ய்னு சத்தம் போட்டுக்கிட்டு வரும் பாருங்க, அது நெசத்துல தேனீ ஜாதி. மூங்கிலைத் தின்னாது, கூடு கட்டத்தான் வருது, பூவுல மகரந்தம் சேக்கற உபகாரி, ஒன்னு ரெண்டு கம்பை அதுக்கு விட்டுக் குடுத்தா தப்பில்ல.

ஓட்டை 3லிருந்து 5 மில்லிமீட்டர், வெளிய வந்தது மஞ்சக் கலர்ல கறுப்பு வளையம் போட்டு நீள மீசையோட இருந்தா அது மூங்கில் மீசை வண்டு, குளோரோஃபோரஸ் ஆனுலாரிஸ். அதோட புழு காஞ்ச மூங்கிலுக்குள்ள ஒரு வருஷம், அதுக்கு மேலயும் கெடந்து தின்னும், அதனாலதான் வாங்கி ரொம்ப நாளான நாற்காலிக்குள்ளருந்து திடீர்னு வண்டு வந்து ஜனங்க பயந்துக்கறாங்க. கூட்டமா வராது. சூடு காட்டற வைத்தியம் இதுக்கும் ஆகும்.

தோப்புல நிக்கற மூங்கிலுக்கும் இந்த வண்டு வருமா? மருந்தடிக்கணுமா?

நல்லா உசுரோட நிக்கற கம்புக்கு வராது. காஞ்சது, முறிஞ்சு தொங்கறது, வெட்டிப் போட்ட அடிக்கட்டை, இதுலதான் பெருகும், அதைக் கழிச்சு வெளிய எடுத்துட்டா போதும், மருந்து வேணாம். இந்த வண்டோட புழுவைத் தின்ன டில்லஸ்னு ஒரு வேட்டை வண்டும், ஒட்டுண்ணிக் குளவிங்களும் தானா வருது, தோப்புல மருந்தடிச்சா மொதல்ல சாகறது அதுங்கதான்.

வாங்கறப்ப என்ன பாக்கணும்?

வெட்டுவாயைப் பாருங்க, ஓட்டையோ மாவோ இருந்தா அந்தக் கட்டு முழுசுமே வேணாம்னுருங்க, "ஒன்னு ரெண்டுதான் அப்படி"ன்னு சொன்னாலும் சரி. கட்டுக்கு நடுவுலருந்து ஒரு கம்பை உருவித் தரையில ஒரு தட்டுத் தட்டுங்க. அயோடின் பாட்டிலைப் பாக்கெட்ல வெச்சுக்கிட்டுப் போனா வியாபாரி ஒரு மாதிரி பாப்பாரு, பாக்கட்டும். பதப்படுத்துனதுன்னு சொன்னா எதுல, எத்தனை நாள்னு கேளுங்க, கணு தொளைச்சிருக்குதான்னு ஒரு கண்ணை மூடிக்கிட்டு உள்ள பாருங்க, வெளிச்சம் தெரியலைன்னா மேல தெளிச்சதுதான்.

கொண்டு வந்ததைத் தரையில போடாதீங்க, கல்லு வெச்சு ஒரு அடி ஒசரத்துல, காத்தோட்டமா, பழைய உளுத்த கம்பு இருக்கற எடத்துலருந்து தள்ளி அடுக்குங்க. சந்தேகம்னா பீச்சியில 1975லருந்து இருக்கற கேரள வன ஆராய்ச்சி நெலையத்துல மூங்கில் பூச்சி பத்தி நெறைய வேலை நடந்திருக்குது, கோயமுத்தூர் பக்கத்துக்காரங்களுக்கு வன மரபியல் நிறுவனம் கிட்ட. போறப்ப தூளையும் வண்டையும் ஒரு சின்ன டப்பாவுல போட்டு எடுத்துட்டுப் போங்க, வாயில சொன்னா அவங்களுக்கு எந்த வண்டுன்னு தெரியாது.

உளுத்துப்போனதை என்ன பண்றது, வித்துரலாமா?

வித்தா வாங்கறவர் வீட்டுக்கு வண்டையும் சேத்துத்தான் விக்கறீங்க. அடுப்புக்குப் போடுங்க, கணுவை ஒரு கொத்துக் கொத்திட்டுப் போடுங்க, இல்லைன்னா உள்காத்து சூடாகி பட்டாசாட்டம் வெடிக்கும். ஃபேக்டரி மருந்து ஏத்துன பச்சைக் கலர் கம்பை மட்டும் எரிக்காதீங்க, அந்தப் புகையும் சாம்பலும் ஆகாது. எரிக்கப் போறதை மழைக்காலத்துக்கு ஆகும்னு அட்டத்துல சேத்து வெக்காம, அந்த வாரமே எரிச்சுருங்க.